மனித இரத்தம்: அமைப்பும் பணிகளும்

வயது வந்த ஒருவரின் உடலில் ஓடும் இரத்தத்தின் அளவு ஏறக்குறைய 5 லிட்டர். உடல் எடையில் இது 7 முதல் 8 விழுக்காடு. ஒரு சிறிய குடத்தில் அடங்கிவிடக்கூடிய இந்தத் திரவத்தை இதயம் நிமிடத்திற்கு ஒரு முறை உடல் முழுவதும் சுற்றி வரச் செய்கிறது. திசுக்களுக்குப் பிராணவாயுவும் உணவும் கொண்டு சேர்ப்பது, கழிவை அகற்றுவது, நோய்க்கிருமிகளை எதிர்ப்பது, உடலின் வெப்பத்தைச் சீராகப் பகிர்ந்தளிப்பது, காயம் பட்ட இடத்தைத் தானே அடைத்துக்கொள்வது ஆகியன இதன் பணிகள். இத்தனையையும் ஒருங்கே செய்யவல்ல மாற்றுத் திரவம் எதுவும் இதுவரை உருவாக்கப்படவில்லை. ஒருவர் இழந்த இரத்தத்தை மற்றொருவரின் உடலிலிருந்துதான் பெற்றாக வேண்டும்.

இக்காரணத்தால் இரத்தம் மருத்துவ மாணவர்களின் பாடமாக இருப்பதோடு, பொது நிர்வாகத்தின் பொறுப்புகளுள் ஒன்றாகவும் ஆகிவிட்டது. 2019-21ஆம் ஆண்டுகளில் நடத்தப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர்கள். 6 மாதம் முதல் 59 மாதம் வரையுள்ள குழந்தைகளில் இந்த அளவு 67 விழுக்காடு. இதே வயதுப் பெண்களிடையே 2015-16ஆம் ஆண்டு ஆய்வு கண்ட அளவு 53 விழுக்காடே. பல்லாண்டுகளாகத் திட்டங்கள் நடைபெற்று வந்தும் இக்குறை நீங்காமல் இருப்பது ஏன்? இவ்வினாவுக்கு விடை காண வேண்டுமாயின், இரத்தம் எவற்றால் ஆனது, அதன் ஒவ்வொரு பகுதியும் என்ன செய்கிறது என்பதை முதலில் அறிய வேண்டும்.

நீர்மமும் அணுக்களும்

உறையாமல் தடுக்கும் மருந்து சேர்த்த ஒரு சோதனைக் குழாயில் சிறிது இரத்தத்தை இட்டு, அதனை வேகமாகச் சுழற்றினால் இரத்தம் மூன்று அடுக்குகளாகப் பிரியும். மேலே இளமஞ்சள் நிறத்தில் நிற்பது பிளாஸ்மா. மொத்த அளவில் இது சுமார் 55 விழுக்காடு. அடியில் கருஞ்சிவப்பாகப் படிவன செவ்வணுக்கள். இவை சுமார் 45 விழுக்காடு. இரண்டுக்கும் இடையே வெண்ணிறத்தில் மெல்லிய ஏடு போல் ஒன்று தென்படும். வெள்ளணுக்களும் தட்டணுக்களும் அடங்கியது அந்த ஏடு. 

பிளாஸ்மாவில் பத்தில் ஒன்பது பங்கிற்கு மேல் நீர். ஏறக்குறைய 7 விழுக்காடு புரதங்கள். எஞ்சிய சிறு பகுதியில் உப்புகள், சர்க்கரை, அமினோ அமிலங்கள், கொழுப்பு, ஹார்மோன்கள், யூரியா முதலிய கழிவுப் பொருள்கள் ஆகியன கரைந்து செல்கின்றன. குடலில் செரித்த உணவின் சத்து கல்லீரலை அடைவதும், கணையத்தில் சுரந்த இன்சுலின் கால்விரல் தசையை எட்டுவதும், தசையில் உண்டான கழிவு சிறுநீரகத்திற்குச் செல்வதும் இந்நீர்மத்தின் வழியேதான். திசுக்களில் உண்டாகும் கரியமிலவாயுவின் பெரும்பகுதியும் பைகார்பனேட்டாக மாறிப் பிளாஸ்மாவில் கரைந்தே நுரையீரலை வந்தடைகிறது.

பிளாஸ்மாவிலுள்ள புரதங்களில் மூன்று முதன்மையானவை. முதலாவது ஆல்புமின். கல்லீரல் உற்பத்தி செய்யும் இப்புரதம், நீரை இரத்தக் குழாய்களுக்குள்ளேயே நிறுத்தி வைக்கிறது. சிறுநீரக நோயினால் ஆல்புமின் சிறுநீரோடு வெளியேறிவிட்டால், நீர் குழாய்களிலிருந்து கசிந்து திசுக்களில் தங்கிவிடுகிறது. முகமும் கால்களும் வீங்குகின்றன. இரண்டாவது குளோபுலின். நோயெதிர்ப்புப் பொருள்கள் இவ்வகையைச் சேர்ந்தவை. மூன்றாவது ஃபைப்ரினோஜன். இரத்தம் உறைவதற்கு இது இன்றியமையாதது.

செவ்வணுக்களின் சுமை

ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் 45 முதல் 55 லட்சம் செவ்வணுக்கள் உள்ளன. பெண்களுக்கு இந்த எண்ணிக்கை சற்றுக் குறைவு. ஒவ்வோர் அணுவும் இருபுறமும் நடுவில் குழிந்த வட்டத் தட்டு போன்றது. அதன் விட்டம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஏழு அல்லது எட்டு பங்கு. குழிந்த வடிவம் அதன் பரப்பைக் கூட்டுகிறது. தன்னைவிடக் குறுகலான நுண்குழாயிலும் வளைந்து நுழைய உதவுகிறது. எலும்பு மஜ்ஜையில் உருவாகி முதிரும்போது செவ்வணு தன் உட்கருவை இழந்துவிடுகிறது. கிடைத்த இடம் முழுவதையும் ஹீமோகுளோபின் நிரப்பிக்கொள்கிறது. உட்கரு இல்லாமையால் அணு தன்னைப் பழுது பார்த்துக்கொள்ள இயலாது. அதன் ஆயுள் சுமார் 120 நாள்களே. ஆகவே மஜ்ஜை ஒவ்வொரு விநாடியும் 20 லட்சத்திற்கும் மேற்பட்ட புதிய அணுக்களை ஈந்துகொண்டிருக்க வேண்டியிருக்கிறது.

ஹீமோகுளோபின் ஏன் தேவை என்பதை ஒரு கணக்கால் விளக்கலாம். ஓய்வாக இருக்கும் மனிதனுக்கு நிமிடத்திற்குச் சுமார் 250 மில்லிலிட்டர் பிராணவாயு தேவை. இதயம் நிமிடத்திற்கு அனுப்புவது 5 லிட்டர் இரத்தம். பிராணவாயு வெறுமனே பிளாஸ்மாவில் கரைவதாக இருந்தால், ஒரு லிட்டரில் 3 மில்லிலிட்டர் மட்டுமே கரையும். அதாவது 5 லிட்டரில் 15 மில்லிலிட்டர். உயிர் தரிக்க இது போதாது. ஹீமோகுளோபின் 1 கிராம் 1.34 மில்லிலிட்டர் பிராணவாயுவைப் பற்றிக்கொள்ள வல்லது. 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 15 கிராம் ஹீமோகுளோபின் இருப்பின், ஒரு லிட்டர் இரத்தம் 200 மில்லிலிட்டர் பிராணவாயுவைச் சுமக்கும். நிமிடத்திற்கு 1,000 மில்லிலிட்டர் கிடைக்கிறது. தேவையைப் போல் நான்கு மடங்கு. இந்த உபரியே மனிதன் ஓடவும், சுமை தூக்கவும், காய்ச்சலைத் தாங்கவும், காயத்தில் சிறிது இரத்தம் இழந்தும் பிழைக்கவும் துணை நிற்கிறது.

இதே கணக்கை ஹீமோகுளோபின் 7 கிராமாகக் குறைந்த ஒரு பெண்ணுக்குப் பொருத்திப் பார்க்கலாம். அவளது இரத்தம் நிமிடத்திற்குச் சுமந்து செல்வது 470 மில்லிலிட்டர் அளவே. படுத்திருக்கும்போது இது போதும். நாற்று நடுவதற்கோ, நீர்க்குடம் சுமப்பதற்கோ போதாது. குறையை ஈடு செய்ய இதயம் விரைந்து துடிக்கிறது. படியேறினால் மூச்சு வாங்குகிறது. பிரசவத்தின் போது 1 லிட்டர் இரத்தம் வெளியேறினால், நல்ல உடல்நலம் உள்ள பெண் பெரும்பாலும் தக்க சிகிச்சையால் தேறிவிடுவாள். 7 கிராம் அளவில் பிரசவ அறைக்குள் நுழைந்தவளுக்கு அந்த இழப்பைத் தாங்க உபரி ஏதும் இல்லை. நம் நாட்டில் தாய்மார்கள் பிரசவத்தில் இறப்பதற்கு இரத்தப்போக்கு ஒரு முதன்மையான காரணமாக இருந்து வருவதன் பின்னணி இதுவே. பிரசவ அறையில் நேரும் அம்மரணத்தின் தொடக்கம் பல மாதங்களுக்கு முன், சில வேளைகளில் பெண்ணின் வளரிளம் பருவத்திலேயே, இருக்கிறது.

இரும்பின் வரவு செலவு

ஹீமோகுளோபின் மூலக்கூறின் நடுவே நின்று பிராணவாயுவைப் பற்றுவது இரும்பு. வயது வந்தவரின் உடலில் உள்ள இரும்பு முழுவதும் 3 அல்லது 4 கிராமே. அதில் மூன்றில் இரண்டு பங்கு இரத்தத்தில்தான் உள்ளது. ஆயுள் முடிந்த செவ்வணுக்களை மண்ணீரலும் கல்லீரலும் சிதைத்து, அவற்றிலுள்ள இரும்பைப் பிரித்து மீண்டும் மஜ்ஜைக்கு அனுப்பிவிடுகின்றன. இவ்வாறு நாள்தோறும் 20 மில்லிகிராமுக்கு மேல் மறுபயன்பாட்டிற்கு வருகிறது. உணவிலிருந்து புதிதாகச் சேர வேண்டியது 1 முதல் 2 மில்லிகிராம்தான்.

வரவு இவ்வளவு சிறியதாக இருப்பதால், செலவு சற்றுக் கூடினாலும் கணக்கு பற்றாக்குறையில் முடிகிறது. 1 மில்லிலிட்டர் இரத்தத்தில் ஏறத்தாழ அரை மில்லிகிராம் இரும்பு உண்டு. மாதவிடாயில் 40 மில்லிலிட்டர் இரத்தம் வெளியேறினால் 20 மில்லிகிராம் இரும்பு போய்விடுகிறது. வெறுங்காலுடன் மண்ணில் நடப்போரின் தோல் வழியே புகும் கொக்கிப்புழு, குடலில் ஒட்டிக்கொண்டு நாள்தோறும் இரத்தத்தை உறிஞ்சுகிறது. மலேரியாக் கிருமி செவ்வணுக்களுக்குள் புகுந்து பெருகி அவற்றை வெடிக்கச் செய்கிறது. அக்கிருமியின் வளர்ச்சியைக் கொசுவின் வயிற்றில் ரொனால்ட் ராஸ் 1897-இல் செகந்திராபாத்தில் கண்டறிந்தார். இவ்விழப்புகளோடு, நம் உணவின் இயல்பும் சேர்ந்துகொள்கிறது. தானியங்களிலும் பருப்பிலும் கீரையிலும் இரும்பு இருந்தாலும், அவற்றிலுள்ள ஃபைட்டேட், டானின் போன்ற பொருள்கள் அதைக் குடல் ஏற்பதைத் தடுக்கின்றன. உணவோடு தேநீர் பருகினால் தடை கூடுகிறது. நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சை ஆகியவற்றிலுள்ள வைட்டமின் சி அத்தடையைத் தளர்த்துகிறது.

கருவுற்ற பெண்ணுக்கு இக்கணக்கு மேலும் கடுமையானது. கருவின் வளர்ச்சி, நஞ்சுக்கொடி, பெருகும் தாயின் இரத்தம், பிரசவ இழப்பு ஆகிய அனைத்திற்கும் சேர்த்து ஏறக்குறைய 1,000 மில்லிகிராம் இரும்பு வேண்டும். உணவால் மட்டும் இதை நிறைவு செய்வது அரிது. இதற்காகவே 1970-இல் தேசிய ஊட்டச்சத்துச் சோகைத் தடுப்புத் திட்டம் தொடங்கப்பட்டது. 2018-இல் இது 'சோகையற்ற பாரதம்' என்னும் பெயரில் குழந்தைகள், வளரிளம் பருவத்தினர், கருவுற்றோர், பாலூட்டும் தாய்மார் ஆகிய அனைவரையும் உள்ளடக்குமாறு விரிவாக்கப்பட்டது. கருவுற்றோர் நாளொன்றுக்கு ஒன்றாக 180 நாள்களும், பிரசவத்திற்குப் பின் 180 நாள்களும் உட்கொள்ள வேண்டிய மாத்திரை ஒவ்வொன்றிலும் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உள்ளன. அதில் பத்தில் ஒரு பங்கே குடலில் சேர்வதாகக் கொண்டாலும், 180 மாத்திரைகளால் 1,080 மில்லிகிராம் கிடைக்கும். தேவையும் அளிப்பும் ஏறத்தாழச் சமம். ஆகவே பாதி மாத்திரைகள் வீட்டு மாடத்திலேயே தங்கிவிட்டால், தேவையில் பாதி நிறைவேறாமலே நின்றுவிடும்.

வழங்கப்பட்ட மாத்திரைகளின் எண்ணிக்கையைப் பதிவேட்டில் குறிப்பது எளிது. உட்கொண்டவற்றை அறிவது கடினம். இரும்பு மாத்திரையால் சிலருக்குக் குமட்டலும் மலச்சிக்கலும் உண்டாகின்றன, மலம் கருமையாகிறது. இதனை முன்னரே சொல்லி வைக்காவிட்டால், அச்சமுற்ற பெண் மாத்திரையை நிறுத்திவிடுகிறாள். மலம் கருப்பது தீங்கற்றது என்பதையும், உணவுக்குப் பின் உட்கொண்டால் குமட்டல் குறையும் என்பதையும் கிராம சுகாதாரச் செவிலியர் இரண்டு நிமிடம் விளக்கினால், அவ்விரண்டு நிமிடம் மாத்திரையின் விலையைவிட மதிப்பு மிக்கது. கொக்கிப்புழு முதலியவற்றிற்கான குடற்புழு நீக்க மருந்தும் இத்திட்டத்தின் ஒரு கூறாக இருப்பதன் காரணம், இழப்பைத் தடுக்காமல் வரவை மட்டும் கூட்டுவதால் பயனில்லை என்பதே.

பம்பாயில் கிடைத்த விடை

எல்லாச் சோகையும் இரும்புக் குறையால் வருவதன்று. இதனை உலகுக்கு உணர்த்திய ஆய்வுகளுள் ஒன்று இந்தியாவில் நடந்தது. 1928-இல் லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவ அம்மையார் பம்பாய்க்கு வந்தார். அந்நகரின் துணி ஆலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்களிடையே கருவுற்ற காலத்தில் கடுமையான சோகை பரவலாகக் காணப்பட்டது. அவர்களது செவ்வணுக்கள் இயல்பைவிடப் பெரியனவாக இருந்தன. கிருமி எதுவும் காரணமாகத் தோன்றாததால், அவர் அப்பெண்களின் உணவை ஆராய்ந்தார். ஈஸ்ட்டிலிருந்து செய்யப்படும் மலிவான ஒரு சத்துச் சாறு அந்நோயைப் போக்குவதை அவர் 1931-இல் வெளியிட்ட கட்டுரையில் அறிவித்தார்.

அச்சாற்றிலிருந்த பொருள் எது என்பது பின்னர் தெளிவாயிற்று. அதுவே ஃபோலிக் அமிலம். இலை என்னும் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து அப்பெயர் வந்தது. பசுங்கீரைகளில் அது மிகுதி. பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, அமெரிக்கா சென்ற எல்லப்பிரகட சுப்பாராவ் தலைமையில் லெடர்லி ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய குழுவினர் 1940-களின் நடுப்பகுதியில் இதனைச் செயற்கையாக உருவாக்கினர். அணுக்கள் பெருகுவதற்கு வேண்டிய மரபுப் பொருளை ஆக்குவதில் ஃபோலிக் அமிலத்துக்கும் வைட்டமின் பி12-க்கும் பங்குண்டு. இவை குறைந்தால் மஜ்ஜையில் அணுக்கள் உரிய காலத்தில் பிரியாமல் பருத்துப்போகின்றன. இன்று நாடெங்கும் வழங்கப்படும் மாத்திரையில் இரும்புடன் ஃபோலிக் அமிலமும் சேர்ந்திருப்பது இந்த ஆராய்ச்சிகளின் பயன்.

பிறவியில் வரும் குறைகள்

ஹீமோகுளோபின் மூலக்கூறு நான்கு புரதச் சங்கிலிகளால் ஆனது. அவற்றுள் பீட்டா எனப்படும் சங்கிலியில் ஆறாவது இடத்தில் உள்ள ஓர் அமினோ அமிலம் மாறியிருப்பின், பிராணவாயு குறைந்த இடத்தில் செவ்வணு அரிவாள் போல் வளைந்து விறைக்கிறது. விறைத்த அணுக்கள் நுண்குழாய்களை அடைத்து, தாங்கொணா வலியை உண்டாக்குகின்றன. விரைவில் சிதைந்து சோகையையும் விளைவிக்கின்றன. அரிவாளணுச் சோகை எனப்படும் இந்நோயின் மரபுக்கூறு நீலகிரிப் பழங்குடி மக்களிடம் இருப்பதை லேமன், கட்புஷ் ஆகிய ஆய்வாளர்கள் 1952-இல் அறிவித்தனர். மத்திய இந்தியாவிலும் மேற்கிந்தியாவிலும் வாழும் பழங்குடியினரிடையே இது பரவலாக உள்ளது. மரபுக்கூறு பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் பெரும்பாலும் தொல்லை இல்லை. மலேரியாவிலிருந்து ஓரளவு பாதுகாப்பும் கிடைக்கிறது. மலேரியா மிகுந்த காட்டுப் பகுதிகளில் இம்மரபுக்கூறு நிலைத்துவிட்டதன் காரணம் அதுவே. இருவரிடமிருந்தும் வந்தால் நோய் வெளிப்படுகிறது.

2023 ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேசத்தின் ஷாதோலில் தொடங்கப்பட்ட தேசிய அரிவாளணுச் சோகை ஒழிப்பு இயக்கம், 40 வயதுக்குட்பட்ட 7 கோடிப் பேரைச் சோதிப்பதை இலக்காகக் கொண்டது. சோதனையோடு, திருமணத்திற்கு முன் ஆலோசனை வழங்குவதும் இதன் பகுதி. இவ்வாலோசனையில் கவனம் வேண்டும். மரபுக்கூறு உடையவர் நோயாளி அல்லர். அவர்மீது களங்கம் சுமத்தப்பட்டால் மக்கள் சோதனைக்கே வரத் தயங்குவர்.

தலசீமியா என்பது ஹீமோகுளோபின் சங்கிலிகள் போதிய அளவில் உருவாகாத மற்றொரு பிறவிக் குறை. நம் மக்களில் 3 முதல் 4 விழுக்காட்டினர் இதன் மரபுக்கூறு உடையவர்கள் என மதிப்பிடப்படுகிறது. நோய் முற்றிய வடிவில் பிறந்த குழந்தைக்கு, இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒரு முறை வாழ்நாள் முழுவதும் இரத்தம் ஏற்றியாக வேண்டும். அத்தகைய குழந்தையின் பெற்றோருக்கு இரத்த மையத்தில் இருப்பு உண்டா என்பது மாதந்தோறும் எழும் உயிர்க் கேள்வி.

காவற்படை

ஒரு கன மில்லிமீட்டரில் 4,000 முதல் 11,000 வரையுள்ள வெள்ளணுக்கள் பலவகைப்பட்டவை. அவற்றில் பாதிக்கு மேற்பட்டவை நியூட்ரோஃபில்கள். காயத்தின் வழியே கிருமி நுழைந்ததும், இவை குழாய்ச் சுவரைக் கடந்து வெளியேறி, கிருமிகளை விழுங்கி அழிக்கின்றன, தாமும் மடிகின்றன. புண்ணில் சேரும் சீழ் பெரும்பாலும் மடிந்த வெள்ளணுக்களின் தொகுப்பே. மோனோசைட்டுகள் பெரிய துணுக்குகளை விழுங்கித் துப்புரவு செய்கின்றன. ஈசினோஃபில்களின் எண்ணிக்கை குடற்புழு, ஒவ்வாமை ஆகியவற்றில் கூடுகிறது.

லிம்போசைட்டுகளின் பணி வேறு. இவற்றுள் ஒரு வகை, குறிப்பிட்ட கிருமிக்கேற்ற எதிர்ப்பொருளை உருவாக்குகிறது. கிருமி ஒழிந்த பின்னும் சில அணுக்கள் அதனை நினைவில் வைத்திருக்கின்றன. தடுப்பூசி இந்த நினைவாற்றலைப் பயன்படுத்துகிறது. வலுவிழந்த அல்லது இறந்த கிருமியை, அல்லது அதன் ஒரு பகுதியை முன்கூட்டியே அறிமுகப்படுத்திவிட்டால், உண்மையான கிருமி வரும்போது உடல் ஆயத்தமாக இருக்கும்.

ஓர் உயிரின் இரத்தத்தில் உருவான எதிர்ப்பொருளை மற்றோர் உயிருக்குக் கொடுக்கவும் கூடும். பாம்புக்கடிக்கான முறிமருந்து இவ்வாறு ஆக்கப்படுவதே. குதிரைக்குச் சிறிது சிறிதாக நஞ்சைச் செலுத்தி, அதன் பிளாஸ்மாவில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்துத் தூய்மை செய்கின்றனர்.

உறைதல் என்னும் காப்பு

குழாய்க்குள் ஓயாது ஓடும் இரத்தம், குழாய் அறுந்த இடத்தில் மட்டும் கட்டியாகிவிடுகிறது. இதில் முந்திச் செயல்படுவன தட்டணுக்கள். ஒரு கன மில்லிமீட்டரில் ஒன்றரை லட்சம் முதல் 4 லட்சம் வரை உள்ள இவை, கிழிந்த இடத்தில் ஒன்றோடொன்று ஒட்டி முதல் அடைப்பை உண்டாக்குகின்றன. பின்னர், பிளாஸ்மாவில் உள்ள உறைபொருள்கள் ஒன்றையொன்று தூண்டிவிடும் தொடர்வினையின் இறுதியில், கரைந்திருந்த ஃபைப்ரினோஜன் ஃபைப்ரின் என்னும் நாராக மாறி வலை பின்னுகிறது. செவ்வணுக்கள் வலையில் சிக்கிக் கட்டி உறுதியாகிறது. இவ்வினைக்குக் கால்சியம் வேண்டும். சில உறைபொருள்களைக் கல்லீரல் உருவாக்க வைட்டமின் கே வேண்டும்.

கண்ணாடி விரியனின் நஞ்சு இத்தொடர்வினையை உடல் முழுவதும் தூண்டி, உறைபொருள்களைத் தீர்த்துவிடுகிறது. அதன் பின் இரத்தம் உறைவதில்லை. இதனை அறிய ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்யத்தக்க எளிய சோதனை ஒன்று உண்டு. தூய்மையான, உலர்ந்த, புதிய கண்ணாடிக் குழாயில் 2 மில்லிலிட்டர் இரத்தம் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்துப் பின் சாய்த்துப் பார்க்க வேண்டும். இரத்தம் இன்னும் நீர்மமாக ஓடினால், முறிமருந்தைத் தாமதமின்றிக் கொடுக்க வேண்டும்.

டெங்கு காய்ச்சலில் தட்டணுக்கள் குறைகின்றன. அப்போது அஞ்சிய உறவினர் தட்டணுக்களைத் தேடி அலைவது மழைக்காலந்தோறும் காணும் காட்சி. இரத்தக் கசிவு இல்லாத நிலையில், எண்ணிக்கை 10,000-க்குக் கீழ் இறங்கினாலன்றித் தட்டணுக்களை ஏற்ற வேண்டுவதில்லை என்பதே வழிகாட்டும் நெறி. டெங்குவில் உயிருக்கு ஆபத்தாவது பெரும்பாலும் குழாய்களிலிருந்து பிளாஸ்மா கசிவதே. உரிய அளவில் நீர்மம் கொடுத்து வருவதே முதன்மையான சிகிச்சை.

வகைகளும் வங்கியும்

எல்லா மனிதரின் இரத்தமும் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. 1901-இல் கார்ல் லாண்ட்ஸ்டைனர் இதன் காரணத்தை விளக்கினார். செவ்வணுவின் மேற்பரப்பில் ஏ, பி என்னும் பொருள்கள் இருப்பதையும் இல்லாமையையும் பொறுத்து ஏ, பி, ஏபி, ஓ என இரத்தம் நால்வகைப்படும். இந்தியாவில் ஓ, பி ஆகிய இரு வகைகள் மிகுதி, ஏபி குறைவு. ஆர்எச் பொருள் இல்லாதோர் நம் மக்களில் ஏறத்தாழ 5 விழுக்காட்டினர். ஆர்எச் இல்லாத தாய், அப்பொருள் உள்ள குழந்தையை ஈன்றால், அடுத்த கருவைப் பாதிக்கும் எதிர்ப்பொருள் அவள் உடலில் உருவாகலாம். உரிய காலத்தில் போடும் ஓர் ஊசி இதனைத் தடுக்கும். 1952-இல் பம்பாயில் ஒய். எம். பெண்டேயும் உடன் பணியாற்றியோரும் கண்டறிந்த வகை மிக அரிதானது. ஓ வகையிலும் காணப்படும் எச் பொருள்கூட இல்லாத இவ்வகையினருக்கு, அதே வகையினரின் இரத்தம் மட்டுமே பொருந்தும். உலகெங்கும் இது 'பம்பாய் வகை' என்றே வழங்குகிறது.

இரண்டாம் உலகப் போரின் போது, 1942-இல், கல்கத்தாவில் நாட்டின் முதல் இரத்த வங்கி அமைந்தது. அதன் பின் நெடுங்காலம், பணத்திற்கு இரத்தம் விற்போரையே பல வங்கிகள் நம்பியிருந்தன. வறுமையால் அடிக்கடி விற்றவர்களின் இரத்தத்தில் ஹீமோகுளோபினும் குறைவு; தொற்று அபாயமும் மிகுதி. 1996 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பின் விளைவாகத் தேசிய இரத்தமேற்றுக் கழகம் அமைக்கப்பட்டது. 1998 ஜனவரி 1 முதல் இரத்த விற்பனை தடை செய்யப்பட்டது. 2002-இல் தேசிய இரத்தக் கொள்கை வெளியாயிற்று. இன்று தானமாகப் பெறும் ஒவ்வோர் அலகும் எச்ஐவி, இருவகைக் கல்லீரல் அழற்சி, மேகநோய், மலேரியா ஆகிய ஐந்திற்கும் சோதிக்கப்பட்ட பின்னரே நோயாளிக்குச் செல்லலாம்.

18 முதல் 65 வயது வரை, 45 கிலோவுக்குக் குறையாத எடையும் 12.5 கிராமுக்குக் குறையாத ஹீமோகுளோபினும் உள்ள நலமானவர் தானம் செய்யலாம். எடைக்கேற்ப 350 அல்லது 450 மில்லிலிட்டர் எடுக்கப்படுகிறது. இழந்த பிளாஸ்மா இரண்டொரு நாளில் ஈடாகிவிடும். செவ்வணுக்கள் சில வாரங்களில் நிறையும். இரும்பு மீண்டும் சேரக் காலம் பிடிப்பதால், ஆண்களுக்கு 90 நாளும் பெண்களுக்கு 120 நாளும் இடைவெளி விதிக்கப்பட்டுள்ளது. சோகை மிகுந்த நாட்டில் கொடையாளர் எண்ணிக்கையும் குறைந்தே இருக்கும் என்பது இங்கே தெளிவாகிறது. 57 விழுக்காட்டுப் பெண்கள் சோகையுற்றிருக்கையில், தானம் செய்ய முன்வரும் பெண்களில் பலர் ஹீமோகுளோபின் குறைவால் திருப்பி அனுப்பப்படுகின்றனர். இரத்தம் மிகுதியாகத் தேவைப்படுவோரும், கொடுக்க இயலாதோரும் பெரும்பாலும் ஒரே பிரிவினராக இருக்கின்றனர்.

நாட்காட்டியும் இருப்பும்

தானமாகப் பெற்ற ஓர் அலகைச் செவ்வணு, பிளாஸ்மா, தட்டணு எனப் பிரித்தால் மூன்று நோயாளிகளுக்குப் பயன்படும். ஆனால் ஒவ்வொன்றின் ஆயுளும் வேறு. முழு இரத்தம் 2 முதல் 6 டிகிரி வெப்பத்தில் 35 நாளும், தக்க கரைசல் சேர்த்த செவ்வணுக்கள் 42 நாளும் கெடாதிருக்கும். உறைய வைத்த பிளாஸ்மாவை ஓராண்டு வரை காக்கலாம். தட்டணுக்கள் இடைவிடாது அசைத்துக்கொண்டிருந்தாலும் 5 நாளுக்கு மேல் பயன்படா.

ஒரு மாவட்டத்தில் ஆண்டுக்கு எத்தனை அலகு இரத்தம் வேண்டும் என்பதை மதிப்பிட, மக்கள்தொகையில் 1 விழுக்காடு என்னும் அளவுகோல் வழக்கில் உள்ளது. 20 லட்சம் மக்கள் உள்ள மாவட்டத்திற்கு 20,000 அலகுகள். அந்த எண்ணை ஆண்டின் முடிவில் எட்டிவிட்டால் மட்டும் போதாது. தன்னார்வ இரத்ததான நாளான அக்டோபர் 1 அன்றும், தலைவர்களின் பிறந்த நாள்களிலும் பெரும் முகாம்கள் நடைபெறுகின்றன. ஒரே நாளில் குவியும் இரத்தத்தில் ஒரு பகுதி 35 நாளைக் கடந்து வீணாகிறது. கல்லூரிகள் மூடியிருக்கும் கோடை மாதங்களிலோ இருப்பு வற்றிவிடுகிறது. பிரசவங்களும் சாலை விபத்துகளும் கோடைக்காகக் காத்திருப்பதில்லை. தலசீமியாக் குழந்தைக்கு மே மாதத்திலும் இரத்தம் வேண்டும்.

எனவே முகாம்களை ஆண்டு முழுவதும் பரவலாகப் பகிர்ந்து அமைப்பதும், ஒருமுறை தானம் செய்தவரை 90 அல்லது 120 நாள் கழித்து மீண்டும் அழைப்பதற்கான பதிவேட்டைப் பேணுவதும், வட்ட அளவிலுள்ள மருத்துவமனைகளின் சேமிப்பு மையங்களில் குளிர்பதனப் பெட்டியும் மின்வசதியும் தடையின்றி இயங்குவதை உறுதி செய்வதும் மாவட்ட நிர்வாகத்தின் கடமைகளாகின்றன. இவற்றோடு சேர்த்து, 180 மாத்திரைகளும் உண்மையில் உட்கொள்ளப்படுகின்றனவா என்பதையும் கவனிக்க வேண்டும். ஒரு தாயின் ஹீமோகுளோபின் பிரசவத்திற்கு முன்பே 11 கிராமாக உயர்ந்துவிட்டால், அவளுக்கென ஒதுக்கப்பட்டிருக்கக்கூடிய அலகு, இரத்தமின்றி வாழ முடியாத மற்றொருவருக்குப் போய்ச் சேரும்.